ரங்கூனிலிருந்து ஒரு மூச்சு

1955-ல் ரங்கூனில் ஒரு மார்வாடி வியாபாரிக்குத் தீராத தலைவலி. மைக்ரேன். வந்துவிட்டால் மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். இப்படியே போனால் ஊசிக்கு அடிமையாகிவிடுவீர்கள் என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். கையில் பணம் இருந்தது. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று வைத்தியத்துக்காகவே நாடு நாடாகப் போய் வந்தார். தலைவலி மட்டும் விடவில்லை. கடைசியில் நண்பர் ஒருவர், சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்தவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

வியாபாரியின் பெயர் சத்ய நாராயண் கோயங்கா. 1924-ல் மாண்டலேயில் பிறந்தவர். அவர் பார்க்கப் போன கணக்கு அதிகாரி ஊ பா கின். அலுவலக வேலைக்கு நடுவே தியானம் சொல்லிக்கொடுத்து வந்த குடும்பஸ்தர். கோயங்கா தன் தலைவலியைச் சொன்னதும், அதற்காக வந்தால் இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார் ஊ பா கின். மனத்தின் அழுக்கைக் கழுவ வந்தால் வரலாம். தலைவலி போனால் அது கூடவே கிடைக்கும் லாபம், அதையே குறியாக வைத்து இந்தப் பயிற்சியை மலிவாக்கக் கூடாது. அதற்கு ஒப்புக்கொண்டுதான் கோயங்கா கற்றுக்கொண்டார். அவரே பின்னாளில் பல மேடைகளில் சொன்ன சம்பவம் இது.

24 ஆண்டுகள் கழித்து, 1979-ல், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் ஒருவர் மருத்துவமனை டாக்டர்களிடம் போய், உங்களால் குணப்படுத்த முடியாத நோயாளிகளை என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்டார். அவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது ஏறக்குறைய அதே பயிற்சிதான். தலைவலிக்காக வந்தவரை ஏற்க மறுத்த ஒன்று, வலிக்காரர்களுக்கென்றே கதவைத் திறந்துவைக்கும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அந்தப் பயணத்தைத் தெரிந்துகொண்டால்தான், இன்று செல்போனில் விற்கப்படும் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற கவனப் பயிற்சி எவ்வளவு நம்பத்தகுந்தது என்று சரியாக எடைபோட முடியும் என்பது என் எண்ணம்.

மூச்சைக் கவனிப்பது புத்தர் காலத்துப் பயிற்சி. ஆனாலும் பல நூற்றாண்டுகளாக அது பிக்குகளின் சொத்தாகவே இருந்தது. பிக்குகளிலும் பெரும்பாலோர் படிப்பதோடும் சடங்குகளோடும் நின்றுகொண்டார்கள். பிக்குவுக்குச் சோறு போட்டுப் புண்ணியம் சேர்ப்பது சாதாரண ஜனங்களின் வேலை. 1885-ல் வெள்ளைக்காரர்கள் மாண்டலேயைப் பிடித்து, தீபா மன்னரை ரத்னகிரிக்கு நாடு கடத்தியபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. மதத்தைக் காக்க ராஜா இல்லை என்றால் இனி யார் காப்பது?

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தவர் லெடி சயாடோ என்ற பிக்கு (1846–1923). இனி ஜனங்களே காத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். யாரும் படிக்கும்படியான எளிய பர்மிய மொழியில் எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் படிப்புக் குழுக்கள் அமைத்தார். உழவனும் கடைக்காரனும் தியானம் செய்யலாம் என்றார். அவரிடம் கற்ற சயா தெட்ஜி ஒரு விவசாயி, ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருந்த கிராமத்துக்காரர். காலராவில் தன் வீட்டு ஆட்களைப் பறிகொடுத்த துக்கத்தோடு தியானத்தைத் தேடிப் போனவர். 1937-ல் அந்தக் கிராமத்துக்குப் போய் அவரிடம் கற்றுக்கொண்டவர்தான் கணக்கு அலுவலகத்து ஊ பா கின். பர்மா சுதந்திரம் பெற்ற 1948 ஜனவரி 4 அன்று அவர் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். அலுவலகத்திலேயே ஊழியர்களுக்கு வகுப்பு நடத்தினார். 1952-ல் ரங்கூனில் தனி மையம் தொடங்கினார்.

பிக்குவிடமிருந்து விவசாயிக்கும், விவசாயியிடமிருந்து குமாஸ்தாவுக்கும், குமாஸ்தாவிடமிருந்து தலைவலி பிடித்த வியாபாரிக்கும் கைமாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் இதற்கு உரிமை உள்ளவர்களின் வட்டம் பெரிதானது. மேற்கத்திய ஆட்கள் வந்துதான் இதை எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த விவசாயியை மறந்துவிடுகிறார்கள்.

விபாசனா என்று அழைக்கப்படும் இந்த ஊ பா கின் வழியில் அப்படி என்னதான் செய்கிறார்கள்? பத்து நாள் முகாம். பேசக் கூடாது. முதல் மூன்று நாளும் மூச்சைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மூச்சை இழுத்துப் பிடிப்பதோ எண்ணுவதோ இல்லை. மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே இருக்கும் சின்ன இடத்தில், காற்று பட்டுப் போவதை உணர்ந்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். மனம் ஓடும். ஓடியது தெரிந்ததும் திட்டிக்கொள்ளாமல் திரும்பக் கூட்டி வர வேண்டும். அதன் பிறகு கவனத்தை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒவ்வோர் அங்கமாக நகர்த்துவார்கள். அரிப்பு, சூடு, துடிப்பு, மரத்துப்போன உணர்வு என்று எது தட்டுப்பட்டாலும் தெரிந்துகொண்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். சுகமாக இருந்தால் அங்கேயே தங்கிவிடுவதும், வலித்தால் அவசரமாகத் தாண்டுவதும் கூடாது.

ஒரு மணி நேரம் அசையாமல் சம்மணமிட்டு உட்கார்ந்தால் முட்டி வலி உயிர் போகும். அதுவரை ‘முட்டி வலி’ என்று ஒரே பாறையாகத் தெரிந்ததை உற்றுப் பார்க்கப் பார்க்க, அதில் ஓர் எரிச்சல் இருக்கிறது, ஓர் இழுப்பு இருக்கிறது, நடுவே ஒன்றுமே இல்லாத சில கணங்களும் இருக்கின்றன. இதோடு கூடவே இன்னொன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது: இன்னும் எவ்வளவு நேரம், முட்டி பழுதாகிவிடுமோ, எதற்கு இங்கே வந்தோம் என்ற பேச்சு. முதலாவது உடம்பினுடையது. இரண்டாவது நாம் சேர்த்துக்கொண்டது. ஒருவன் உடம்பில் ஓர் அம்பு பாய்ந்த பிறகு, அதை நினைத்து வருந்துவதால் இரண்டாவது அம்பும் பாய்கிறது என்று பாலி சூத்திரம் ஒன்று இதைச் சொல்கிறது. இந்தப் பயிற்சி உடம்புக்கு ஏதாவது செய்கிறது என்றால் அது இந்த இரண்டாவது அம்பில்தான் என்று நான் நம்புகிறேன். பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன.

1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். தொழில்களும் கடைகளும் அரசுடைமை ஆயின. பர்மாவிலிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. கப்பலில் வந்து இறங்கியவர்களுக்காகச் சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் முளைத்தது. அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் இன்றும் வண்டிக்கடைகளில் கிடைக்கிறது. அதே ஆட்சியில் கோயங்காவின் ஆலைகளும் போயின. 1969-ல், நோயுற்றிருந்த தாயாரைப் பார்ப்பதற்காக அவர் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் ஒரு தர்மசாலையில், தன் பெற்றோரும் இன்னும் சிலரும் அடங்கிய சின்னக் கூட்டத்துக்கு முதல் முகாமை நடத்தினார். 1976-ல் இகத்புரியில் மையம் எழுந்தது. 1994-ல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். சென்னைக்கு அருகில் திருமுடிவாக்கத்திலும் இன்று ஒரு மையம் இருக்கிறது. தமிழர்களைக் கப்பலேற்றிய அதே புயல்தான் இந்தப் பயிற்சியையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதை நாம் இன்னும் அதிகமாகப் பேசியிருக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் புத்தகயாவில் வெள்ளைக்கார இளைஞர்கள் கூடினார்கள். வியட்நாம் போரும் போதைப்பொருளும் சலித்துப்போய் வழி தேடி வந்தவர்கள். 1971 ஜனவரியில் அங்கே கோயங்காவின் முகாமில் உட்கார்ந்தவர்களில் 18 வயதுப் பெண் ஷாரன் சால்ஸ்பெர்க்கும் ஒருவர். அவரும் ஜோசஃப் கோல்ட்ஸ்டீனும், தாய்லாந்தில் கற்றுத் திரும்பியிருந்த ஜாக் கார்ன்ஃபீல்டும் சேர்ந்து மாசசூசெட்ஸில் பாரே என்ற சிற்றூரில் ஒரு தியான மையம் தொடங்கினார்கள். வூஸ்டர் நகரம் அங்கிருந்து அதிக தூரமில்லை.

1979-ல் பாரே மையத்து முகாம் ஒன்றில் உட்கார்ந்திருந்தார் ஜான் கபாட்-ஜின். எம்.ஐ.டி.யில் நோபல் விஞ்ஞானி சால்வடோர் லூரியாவின் கீழ் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், கொரிய ஜென் குருவிடம் பயின்றவர். அப்போது வூஸ்டரில் இருந்த மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் வேலை. இதை மருத்துவமனைக்குள் கொண்டுபோனால் என்ன என்ற எண்ணம், முகாமில் ஒரு மத்தியான வேளையில் சில விநாடிகளுக்குள் முழுத் திட்டமாகவே தனக்குத் தோன்றியது என்று பிறகு எழுதினார். அந்த ஆண்டே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் வகுப்பு தொடங்கியது.

அவர் எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்பது முக்கியம். புத்தர் சிலை இல்லை, பாலி இல்லை, மறுபிறவி இல்லை. உச்சி முதல் பாதம் வரை கவனத்தை நகர்த்தும் பயிற்சி இருந்தது. ஆனால் முதுகுத்தண்டு நொறுங்கியவரைச் சம்மணமிடச் சொல்ல முடியாது. எனவே பாய் விரித்துப் படுக்கவைத்தார். அதற்குப் பெயர் ‘பாடி ஸ்கேன்’. பத்து நாள் முகாம் வாரம் ஒரு வகுப்பாகப் பிரிந்தது, இப்போது எட்டு வாரம். வீட்டில் தினமும் 45 நிமிடம் ஒலிநாடாவைப் போட்டுப் பயிற்சி செய்ய வேண்டும். நாள் முழுக்க மௌனமாக இருக்கும் ஒரு நாளும் உண்டு.

முதல் வகுப்பில் எல்லார் கையிலும் உலர்திராட்சை கொடுப்பார்கள். உடனே வாயில் போட்டுவிடக் கூடாது. உள்ளங்கையில் வைத்து, வாழ்நாளில் பார்த்திராத பொருளைப் போலப் பார்க்க வேண்டும். சுருக்கங்களில் வெளிச்சம் எங்கே நிற்கிறது, காம்பு ஒட்டியிருந்த வடு எங்கே இருக்கிறது. விரலால் உருட்ட வேண்டும். காதருகே வைத்து நசுக்கினால் மெல்லிய சத்தம் வரும். மூக்கருகே கொண்டுபோனதும் வாயில் எச்சில் ஊறும். பிறகுதான் நாக்கில் வைப்பது. கடிப்பதற்கு முன்னால் நாக்கு அதை எந்தப் பல்லுக்குத் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். கடித்ததும் இனிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது, விழுங்க வேண்டும் என்ற உந்துதல் எப்போது வருகிறது. ஒரு திராட்சைக்குப் பத்து நிமிடம். இவ்வளவு காலம் தட்டில் இருப்பதைப் பார்க்காமலே தின்றிருக்கிறோம் என்ற அதிர்ச்சி சிலருக்கு அப்போதே வந்துவிடும்.

1982-ல் வந்த முதல் கட்டுரையில் நாள்பட்ட வலியுள்ள 51 பேர். அவர்களில் 65 சதவீதம் பேருக்கு வலி மதிப்பெண் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தது. வேறு வைத்தியம் கைகொடுக்காத ஆட்கள் அவர்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. அன்பாக ஒருவர் காதுகொடுத்துக் கேட்டதாலேயே அவர்களுக்கு ஆறுதல் கிடைத்ததா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

உறுதியான சோதனை இங்கிலாந்து, வேல்ஸ், கனடா ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. ஜான் டீஸ்டேல், மார்க் வில்லியம்ஸ், சிண்டல் சீகல் மூவரும் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் மறுபடி விழுவதைத் தடுக்க வழி தேடினார்கள். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு வரும்போது, அதை உண்மை என்று பிடித்துக்கொள்ளாமல், வந்து போகும் ஒரு நினைப்பாகவே பார்க்கப் பழக்கினார்கள். 2000-ல் வெளிவந்த அவர்களின் ஆய்வில் 145 பேர். மூன்று முறை அல்லது அதற்கு மேல் மனச்சோர்வு வந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 66 சதவீதம் பேர் மறுபடி நோயில் விழுந்தார்கள். பயிற்சியும் பெற்றவர்களில் 37 சதவீதம். இரண்டு முறை மட்டுமே வந்தவர்களுக்குப் பலன் இல்லை. 2004-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலில் இந்தச் சிகிச்சை இடம்பெற்றது, மூன்று முறையோ அதற்கு மேலோ விழுந்தவர்களுக்கு என்ற வரம்போடு. யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்று பிரித்துச் சொன்ன இந்த நேர்மைக்காகவே அந்த மூவரிடம் எனக்குத் தனி மரியாதை.

நம்பிக்கையால் வலி குறைவது வேறு, கவனிப்பால் குறைவது வேறு. 1978-ல் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்தே இல்லாத போலி மருந்தால் வலி குறைந்தவர்களுக்கு நலாக்சோன் கொடுத்ததும் வலி திரும்பியது. உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. அதாவது, மருந்து கிடைத்தது என்ற எதிர்பார்ப்பே உடம்பின் சொந்த வலிமருந்தைச் சுரக்கவைத்திருக்கிறது. 2016-ல் அமெரிக்காவில் ஃபாடெல் ஸைடான் குழுவினர் தியானம் செய்கிறவர்களுக்கு நலாக்சோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். தியானத்தால் வந்த வலிக்குறைவு அப்படியே இருந்தது. இரண்டும் மனத்தின் வேலைதான் என்றாலும் உடம்புக்குள் இரண்டும் ஒரே வழியில் போகவில்லை.

இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நோயில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், ‘மனசைத் தைரியமா வெச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்’ என்கிறார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் சரியாகாதபோது, தைரியம் போதவில்லை என்ற பழியும் நோயாளியின் தலையில் விழுகிறது. புற்றுநோயோடு போராடும் ஒருவரிடம், நீ நினைத்த விதம் சரியில்லை என்று மறைமுகமாகச் சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. ரங்கூனிலிருந்து வந்த பயிற்சி அப்படி எதையும் கேட்பதில்லை. சந்தோஷமாக நினை என்று அது சொல்லவே இல்லை. பயம் வந்தால் பயத்தைப் பார், அழுகை வந்தால் அழுகையைப் பார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நோயாளிக்கு அதில் அவமானம் இல்லை.

அதன் எல்லைகளும் தெரிந்துவிட்டன. 2014-ல் 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் ஓரளவு பலன் தெரிந்தது. தூக்கம், உடல் எடை போன்றவற்றில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட இது மேல் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. முதுகுவலிக்காரர்கள் 342 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான சோதனையில், ஆறு மாதத்தில் அன்றாட நடமாட்டம் தெளிவாக மேம்பட்டவர்கள் தியானக் குழுவில் 60.5 சதவீதம், நடத்தை சிகிச்சைக் குழுவில் 57.7, வழக்கமான கவனிப்பில் 44.1. நல்ல பலன்தான்; அற்புதம் இல்லை. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2022-ல் முடிவுக்கு வந்தபோது, வகுப்பில் சொல்லிக்கொடுத்த மைண்ட்ஃபுல்னெஸ் வழக்கமான பாடத்தைவிட எந்த நன்மையும் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. நீண்ட மௌன முகாம்களில் சிலருக்குப் பழைய காயங்கள் கிளம்பி நிலைமை மோசமானதும் உண்டு. தீவிர மனநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது.

பிறகு செல்போன் செயலிகள், கம்பெனிப் பயிலரங்குகள். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். வேலைச் சுமையைக் குறைக்காமல் ஊழியரை மூச்சுவிடச் சொல்லும் நிறுவனங்களைப் பற்றி ரொனால்ட் பர்சர் ஒரு புத்தகமே எழுதினார். அவர் கோபம் நியாயமானது. வூஸ்டரில் பலன் கண்டது தினமும் 45 நிமிடமும் கூடவே ஓர் ஆசிரியரும் ஒரு குழுவும். ஐந்து நிமிடத்தை விற்கிறவர்கள் அந்த ஆய்வுகளைத் தங்கள் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வது முறையல்ல.

2022-ல் அமெரிக்காவில் 276 பேரிடம் ஒரு சோதனை. பதற்ற நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு எஸ்சிடலோப்ராம் மாத்திரை, பாதிப் பேருக்கு எட்டு வார வகுப்பு. முடிவில் இரண்டு குழுவிலும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. பக்கவிளைவு மாத்திரைக் குழுவில் அதிகம். ஆனால் மாத்திரை போட ஒரு வாய்த் தண்ணீர் போதும். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு, திருப்பூரில் ஷிப்ட் பஸ் பிடிக்கும் பெண்ணுக்கு 45 நிமிடத்தை யார் தருவது? ஊ பா கின் அலுவலகத்திலேயே இடம் கொடுத்தார். மகாராஷ்டிர அரசு, விபாசனா முகாமுக்குப் போகும் தன் ஊழியர்களுக்கு விடுப்பு கொடுத்திருக்கிறது. கூலிவேலை செய்பவர்களுக்கு அந்த மாதிரி ஒன்றும் இல்லை.

நேரத்துக்கு எங்கே போவது என்ற இதே கேள்வியைக் கல்கத்தாவில் ஒருவர் எதிர்கொண்டார். நானி பாலா பருவா, சிட்டகாங் பக்கத்துக்காரர், 1911-ல் பிறந்தவர். மகள் பெயரை வைத்து தீபா மா என்று அழைத்தார்கள். கல்யாணமாகி ரங்கூனுக்குப் போனார். அந்த மகளைத் தவிர மற்றக் குழந்தைகளையும் கணவரையும் இழந்து, இதய நோயோடு படுத்த படுக்கையாகக் கிடந்தவரைத் தியானம் கற்கச் சொன்னவர் அவருடைய டாக்டரே என்று அவர் மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். வூஸ்டரில் வகுப்பு தொடங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னால் நடந்தது அது. அவர் கற்றது ஊ பா கின் வழி அல்ல. அதே ரங்கூனில் மகாசி சயாடோ கற்பித்த, வயிறு ஏறி இறங்குவதைக் கவனிக்கும் வழி. எழுந்து நடமாடினார், மகளை வளர்த்தார், அறுபதுகளில் கல்கத்தாவுக்கு வந்தார். கோல்ட்ஸ்டீனும் சால்ஸ்பெர்க்கும் அங்கே அவரிடமும் கற்றார்கள். சின்னப் போர்ஷனில் குடியிருந்த அவரைத் தேடி அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். உட்கார நேரமில்லை என்றவர்களை, செய்கிற வீட்டு வேலையையே கவனிக்கச் சொன்னார். ரங்கூனில் இருந்தபோதே, கைக்குழந்தைக்காரி ஒருத்தியிடம், பால் கொடுக்கும்போது பிள்ளை உறிஞ்சுவதைக் கவனி, அதற்கென்று தனி நேரம் வேண்டாம் என்றார். அந்தப் பெண்கள் தினமும் செய்தார்கள்.